நேதாஜி படையில் சமையல்காரராக இருந்த எங்கள் தாத்தா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ரங்கூனில் பிறந்து வளர்ந்தவள். என் அம்மாவைப் பெற்ற தாத்தா 1943 முதல் 1945 வரை நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சமையல்காரராக இருந்தார். கல்யாண வீடு, கோயில் திருவிழா, மலேசியாவிலிருந்து வரும் உறவுக்காரர்கள், சென்னையில் குடியேறிவிட்ட அத்தை பிள்ளைகள் என்று எங்கே போனாலும் இதைப் பற்றி யாராவது கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டாகச் சொல்லிச் சொல்லி, யாருக்கும் முழுசாகச் சொல்லவில்லை என்று தோன்றியது. அதனால் கேட்ட கேள்விகளையே வைத்து எழுதிவிட்டேன். தாத்தா சொன்னது எது, வரலாற்றில் பதிவாகியிருப்பது எது என்று படிக்கும்போதே தெரியும்படி எழுதப் பார்த்திருக்கிறேன்.

பர்மாக்காரர் எப்படி நேதாஜி படையில் சேர்ந்தார்?

சேரும்போது அவர் பர்மாக்காரர் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டிக்கொண்டு போன குடும்பம், மலாயாவில் பேராக் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியது. தாத்தா அங்கேதான் வளர்ந்தார். ஐ.என்.ஏ.வுக்காகத்தான் பர்மாவுக்கு வந்தார், போர் முடிந்தபின் இங்கேயே தங்கிவிட்டார். அதனால்தான் நாங்கள் இங்கே இருக்கிறோம்.

விருப்பப்பட்டுச் சேர்ந்தாரா, வேறு வழியில்லாமலா?

இரண்டும்தான், அதை அவர் மறைத்ததே இல்லை. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூரில் தலைமை ஏற்றபிறகு மலாயா முழுக்கக் கூட்டம் நடந்தது, தோட்டத்து இளைஞர்கள் கும்பல் கும்பலாகப் போய்ப் பெயர் கொடுத்தார்கள். அதே மாதங்களில்தான் ஜப்பான்காரன், சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். போனவர்கள் திரும்பவில்லை என்கிற செய்தி அதற்குள் தோட்டம் தோட்டமாகப் பரவிவிட்டது. தாத்தாவின் சித்தப்பா ஒருவர் அப்படிப் போனவர்தான். "எப்படியும் ஒருத்தன் வந்து கூட்டிக்கிட்டுத்தான் போவான், அதுக்கு நம்ம ஆளு கூப்பிடற இடத்துக்கே போயிடலாம்னு போனேன்" என்பார். ஆனால் அங்கே போய், தோட்டத்தில் துரைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பையன் பூட்ஸ் போட்டு நிமிர்ந்து நின்றபோது உண்டான உணர்ச்சி பொய் இல்லை என்றும் சொல்வார். பயத்தில் போனவனுக்குப் பற்று இருக்காது என்று நினைக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

சமையல்காரர் என்றால் சிப்பாய் இல்லைதானே?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் வலிக்கும். மற்றவர்களைப் போலவே அவரும் காலையில் எழுந்து அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, ஓட்டம் எல்லாம் செய்தார். தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்கு அண்டா வைத்துக் கூழும் சோறும் ஆக்கின கையென்று யாரோ சொல்லிவிட, ஒருநாள் லங்கருக்கு அனுப்பினார்கள், அப்புறம் அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். வடக்கத்தி ஆட்கள் படைச் சமையற்கூடத்தை லங்கர் என்பார்கள், தாத்தாவும் கடைசிவரை அப்படியே சொன்னார். மற்றவன் துப்பாக்கி மட்டும் தூக்கினான், இவர் கிடாரத்தையும் சேர்த்துத் தூக்கினார்.

பர்மாவுக்கு எப்படி வந்தார்கள்?

1944 ஜனவரியில் படைத் தலைமையகம் ரங்கூனுக்கு மாறியது, அதையொட்டிப் பிரிவு பிரிவாக வடக்கே அனுப்பினார்கள். தாத்தா காந்தி பிரிகேடோடு வந்தார். மலாயாவிலிருந்து சயாம் வரை ரயில். அங்கிருந்து, 1943 அக்டோபரில் திறந்த அந்த 415 கிலோமீட்டர் புதுப் பாதையில், அதாவது எதற்குப் பயந்து படையில் சேர்ந்தாரோ அதே சயாம் ரயில் பாதையில் பர்மாவுக்குள் வந்தார். பாதை ஓரத்துக் கூரைக் கொட்டகைகளில் தமிழில் பேசுகிற குரல் கேட்டதாம். ரயில் மெதுவாகப் போன ஒரு இடத்தில் இவர்கள் கையில் இருந்த சோற்றுப் பொட்டலங்களை வெளியே வீசினார்களாம். அது சித்தப்பா இருந்த முகாமா என்று அவருக்குத் தெரியாது. இதற்கு மேல் இந்தக் கதையை அவர் ஒருநாளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மௌல்மீன் பக்கம் வந்து, சால்வீன் ஆற்றைப் படகில் கடந்து மார்த்தபானில் மறுபடி ரயில் ஏறி ரங்கூன்.

ரங்கூனில் என்ன சமைத்தார்கள்? நூறு பேருக்கு எவ்வளவு அரிசி?

சமையல் செய்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். பர்மாவில் அரிசிக்குப் பஞ்சமில்லை. போரினால் ஏற்றுமதி நின்றுபோய் டெல்டாவில் நெல் குவிந்து கிடந்தது, ஏற்றிக்கொண்டு போக வண்டிதான் இல்லை. அதனால் ரங்கூன் முகாமில் சோறு வயிறாரக் கிடைத்தது. இங்கே இன்றைக்கும் அரிசியைப் பால் டின்னால்தான் அளக்கிறோம், எட்டு டின் ஒரு பியி. தாத்தா கணக்கு, வேலை செய்கிற ஆளுக்கு வேளைக்கு ஒரு டின். நூறு பேருக்கு நூறு டின், அதாவது பன்னிரண்டரை பியி, கிலோவில் சுமார் 26 வரும். பருப்பு கிடைக்கும்போது நூறு பேருக்கு மூன்று வீசை. ஊரில் வீசை வழக்கொழிந்து போனதென்று சென்னைப் பிள்ளைகள் ஆச்சரியப்படுகிறார்கள், இங்கே இறைச்சிக் கடையிலும் காய்கறிக் கடையிலும் 1.63 கிலோ வீசைதான் இன்னும் ஓடுகிறது.

குழம்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பருப்பில் பூசணியோ முருங்கையோ போட்டது, புளிச்சக்கீரை, சில நாள் கருவாடு. ரங்கூன் தமிழ்க் குடும்பங்கள் ஊறுகாய் ஜாடியும் மிளகாய் வற்றலும் கொண்டுவந்து கொடுத்தனவாம். நேதாஜியின் படைக்கு நகை கொடுத்தவர்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், ஊறுகாய் கொடுத்தவர்களைப் பற்றி நான் ஒரு வரியாவது எழுத வேண்டும்.

எல்லா சாதிக்காரர்களும் மதத்துக்காரர்களும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இந்துவுக்கு ஒரு அடுப்பு, முஸ்லிமுக்கு ஒரு அடுப்பு. தண்ணீர்கூடத் தனி. ரயில் நிலையங்களில் 'இந்து தண்ணீர்', 'முஸ்லிம் தண்ணீர்' என்று தனித்தனியாகக் கொடுத்த காலம் அது. ஐ.என்.ஏ.வில் பொது அடுப்பு, பொதுப் பந்தி. சிங்கப்பூர் செட்டியார் கோயிலில் நேதாஜியை அழைத்தபோது, எல்லாச் சாதி, எல்லா மத அதிகாரிகளையும் என்னோடு உள்ளே விட்டால்தான் வருவேன் என்று சொல்லி, அப்படியே கூட்டிக்கொண்டு போனது பலர் எழுதிவைத்த சம்பவம். அது ஒரு நாள் நிகழ்ச்சி. அந்தக் கொள்கையை ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சோற்றுக் கரண்டியால் நடத்திக் காட்ட வேண்டியிருந்தவர்கள் சமையல்காரர்கள்தான், இதை யாரும் எழுதவில்லை.

தாத்தா எந்தச் சாதி என்று இங்கே எழுதமாட்டேன். அவர் வீட்டுத் தண்ணீரை ஊரில் சிலர் குடிக்கமாட்டார்கள் என்கிற அளவுக்குச் சொன்னால் போதும். முகாமில் முதல் வாரம் அவர் ஆக்கிய சோற்றைத் தொடாமல் இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் வடக்கத்திக்காரர். அதிகாரி அவர்களைத் திட்டவில்லை, தண்டிக்கவும் இல்லை. மறுநாள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் முதல் ஆளாக அவரே வந்து நின்றார், மூன்று நாள் அப்படியே நின்றார். நாலாம் நாள் அந்த இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். "பசியில சாப்பிட்டானா, மனசு மாறிச் சாப்பிட்டானான்னு நான் பாக்கல. ரெண்டாவது தடவ சோறு கேட்டான், போட்டேன்" என்பார் தாத்தா. அந்தத் தமிழர் பின்னால் மணிப்பூர் எல்லையில் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊட்டியதும் தாத்தாதான்.

பொது அடுப்பில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் ஏறவே ஏறாது, யார் மனமும் நோகக்கூடாது என்று. அவர் இருந்த லங்கரில் தலைமைச் சமையல்காரர் ஒரு பஞ்சாபி முஸ்லிம். ரொட்டி தட்டத் தாத்தாவுக்குக் கற்றுக்கொடுத்தது அவர், ரசம் வைக்க அவருக்குக் கற்றுக்கொடுத்தது தாத்தா. மலேரியாக்காரனுக்கு எதுவும் இறங்காதபோது ரசம் இறங்கும் என்று அந்த மனிதர் எல்லா லங்கருக்கும் போய்ச் சொன்னாராம்.

போர்முனையில் சமையல் எப்படி நடந்தது?

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

1944 மார்ச்சில் ஜப்பானியப் படை இம்பாலைப் பிடிக்கப் புறப்பட்டது. அவர்கள் கணக்கு மூன்று வாரம். சிப்பாய்கள் ஏறக்குறைய இருபது நாள் உணவுதான் எடுத்துக்கொண்டார்கள், மிச்சத்தை இம்பாலில் இருக்கும் பிரிட்டிஷ் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். கூடவே ஓட்டிக்கொண்டு போன மாடுகளில் பல சிந்துவின் ஆற்றிலேயே அடித்துக்கொண்டு போய்விட்டன. அடுத்தவன் கிடங்கை நம்பி உலை வைக்கலாமா என்று ஒரு சமையல்காரனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

காந்தி பிரிகேட் சிந்துவின் ஆற்றங்கரையில் இருக்கும் கலேவாவுக்கு வந்து சேர்ந்தபோது, இம்பால் இன்றோ நாளையோ விழுந்துவிடும், கனமான சாமானை எல்லாம் இங்கேயே போட்டுவிட்டு வேகமாகப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு கம்பளி, ஒரு துப்பாக்கி, ஐம்பது தோட்டா. இயந்திரத் துப்பாக்கிகளையே விட்டுப் போனவர்கள் கிடாரத்தை எடுத்துப் போக விடுவார்களா? தாத்தா நூறு பேருக்கு ஆக்கும் பாத்திரங்களைக் கலேவாவில் வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு டிக்சியும் (படையில் சமைக்கும் சின்னச் சட்டி) ஒரு கரண்டியும் மட்டும் எடுத்துக்கொண்டு, எல்லைப் பக்கத்துத் தாமு ஊருக்குப் போகும் பாதையில் நடந்தார்.

இம்பால் விழவில்லை. இம்பால் பக்கத்துப் பலேல் விமானத் தளத்தைத் தாக்கியதும் கைகூடவில்லை. மழை மட்டும் வந்துவிட்டது.

பகலில் புகை எழுந்தால் விமானம் வந்துவிடும். அதனால் விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, இருட்டியபின் ஒரு தடவைதான் அடுப்பு. மழையில் நனைந்த மூங்கிலை எரிப்பதே பாதி வேலை, நெஞ்சோடு கட்டி வைத்திருந்த காய்ந்த சிம்புகளை வைத்துப் பற்றவைப்பாராம். அரிசி நின்றது, நெல்லாக வந்தது. உரல் ஏது, இரும்புத் தொப்பியில் போட்டுக் குத்தினார்கள். பாதி உமியோடு வெந்த அந்தச் சோறு வயிற்றுப்போக்கு வந்தவனுக்கு விஷம் மாதிரி, ஆனால் வேறு எதுவும் கையில் இல்லை.

அப்புறம் காடுதான் கடை. மூங்கில் குருத்து, வாழைத்தண்டு, ஆற்றோரக் கீரைகள், காட்டுக்கருணை. காட்டுக்கருணையை அப்படியே வேகவைத்துத் தின்று நாலு பேர் தொண்டை வீங்கித் தவித்ததைப் பார்த்துவிட்டு, புளிப்பு இலையோடு இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைத்தால்தான் யாருக்கும் கொடுப்பேன் என்று பிடிவாதமாக இருந்தாராம். எது தின்னலாம், எது கூடாது என்று மலையில் இருந்த குக்கி ஊர்க்காரர்கள்தான் காட்டிக்கொடுத்தார்கள். உப்பு தீர்ந்த பிறகுதான் நிஜமான கஷ்டம் என்பார். உப்பில்லாமல் பத்து நாள் தின்றால் நாக்கு மட்டும் இல்லை, கை காலே ஓய்ந்துவிடும். ஒரு தீப்பெட்டி அளவு உப்பை அவர் துணியில் முடிந்து இடுப்பில் வைத்திருந்தார், நடக்க முடியாமல் கிடந்தவர்களுக்கு மட்டும் கஞ்சியில் ஒரு சிட்டிகை. அதைக் கேட்டு ஒரு அதிகாரியே வந்தபோதும் கொடுக்கவில்லை.

இன்னொரு வேலை, தண்ணீர் கொதிக்கவைப்பது. கபாவ் பள்ளத்தாக்கில் மலேரியாவும் சீதபேதியும் குண்டைவிட அதிகம் பேரைக் கொன்றன. காந்தி பிரிகேடும் சேர்ந்து, முனைக்குப் போன ஐ.என்.ஏ. முதல் டிவிஷனில் சுமார் 6,000 பேர். சண்டையில் இறந்தவர்கள் 400 பேர் அளவில்தான். நோயாலும் பசியாலும் இறந்தவர்கள் 1,500 பேர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகும் சமையல்காரர் சிப்பாய் இல்லை என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

ஜப்பான்காரர்களைப் பற்றி என்ன சொல்வார்?

குறைவாகத்தான் சொல்வார். தன்னைப் போலவே பசியில் செத்த ஜப்பானியச் சிப்பாய்களை வழியெல்லாம் பார்த்திருக்கிறார், அவர்கள்மேல் இரக்கம் இருந்தது. சயாம் பாதையை மன்னிக்கவில்லை. இரண்டும் ஒரே மனதில் இருந்தன, எங்களுக்காக அவர் எதையும் சரிக்கட்டிச் சொல்லவில்லை.

எப்படித் திரும்பி வந்தார்?

1944 ஜூலையில் பின்வாங்க உத்தரவு. கொட்டும் மழையில் தாமுவிலிருந்து கலேவா, அங்கிருந்து ஆற்று வழியாக மொன்யுவா. அங்கே ஐ.என்.ஏ. மருத்துவமனை இருந்தது. திரும்பியவர்கள் சுமார் 2,600 பேர், அதில் 2,000 பேர் நேராகப் படுக்கைக்குப் போனவர்கள். தாத்தாவும் மூன்று வாரம் படுத்திருந்தார், எழுந்ததும் மருத்துவமனை அடுப்படிக்குப் போனார். பட்டினி கிடந்து வந்தவர்களுக்கு உடனே வயிறு நிறையச் சோறு போட்டால் செத்துப்போவார்கள் என்று அங்கேதான் தெரிந்துகொண்டாராம். முதலில் வடிகஞ்சி, அப்புறம் குழைந்த கஞ்சி, நாலைந்து நாள் கழித்துத்தான் சோறு. சோறு கேட்டு அழுதவர்களுக்குக் கொடுக்காமல் நின்றதுதான் தன் வாழ்க்கையிலேயே கடினமான வேலை என்றார். வழியில் கலேவாவில் அந்தக் கிடாரங்களைத் தேடியிருக்கிறார். ஒன்றுகூட இல்லை.

நேதாஜியை நேரில் பார்த்தாரா?

மூன்று தடவை. ஒரு தடவை ரங்கூனில் லங்கருக்குள் வந்து, சோற்றை எடுத்து வாயில் போட்டுப் பார்த்து, தலையசைத்துவிட்டுப் போனாராம். பேசவில்லை.

போர் முடிந்தபின் ஏன் மலாயாவுக்குப் போகவில்லை?

1945 ஏப்ரல் 24 இரவு நேதாஜி ரங்கூனை விட்டுப் பாங்காக்குக்குப் புறப்பட்டார். நகரத்தில் இருந்த இந்தியர்களின் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாக மேஜர் ஜெனரல் லோகநாதன் தலைமையில் ஐயாயிரம் பேருக்கு மேல் விட்டுப்போனார். தாத்தா அதில் ஒருவர். ஜப்பானியர் போய், பிரிட்டிஷார் மே 3-ல் உள்ளே வரும்வரை ஊரில் பெரிய கொள்ளை நடக்காமல் இவர்கள் காவல் நின்றார்கள், எங்கள் பாட்டி குடும்பத்தார் இதை நன்றியோடு சொல்வார்கள். பிறகு சரண், முகாம், விசாரணை. பல மாதம் கழித்து விட்டார்கள். மலாயாவிலிருந்து வந்த ஒரே கடிதத்தில் அவருடைய அம்மா இறந்த செய்தி இருந்தது. ரங்கூன் பக்கத்து இன்செயினில் ஒரு தமிழர் டீக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கடைக்காரர் மகள்தான் எங்கள் பாட்டி.

1964-ல் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டு, 50, 100 சாட் நோட்டும் செல்லாது என்றானபோது உறவினர்களில் பாதிப் பேர் கப்பல் ஏறிவிட்டார்கள். தாத்தா எஃப்.ஆர்.சி. அட்டையோடு (வெளிநாட்டவர் பதிவு அட்டை) வெளிநாட்டவராகவே இங்கே இருந்தார். "ரெண்டு கடல் தாண்டியாச்சு, மூணாவது வேண்டாம்" என்றாராம்.

பென்ஷன், பதக்கம் ஏதாவது கிடைத்ததா?

இல்லை. இந்திய அரசு 1972-ல் சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியத்தைத் தொடங்கியது, ஐ.என்.ஏ.வினரும் அதற்குள் வருவார்கள். தாத்தாவிடம் ஒரு காகிதமும் இல்லை, இருந்ததைச் சரணடையும் முன்பு அதிகாரிகள் சொல்லி எரித்துவிட்டார்கள். எண்பதுகளில் மாமா ஒரு அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள், சமையல் என்றார். பொய்யாக ஹவில்தார் என்று சொல்லியிருந்தால் படிவமாவது கொடுத்திருப்பார்கள் என்று மாமா இன்றைக்கும் வருத்தப்படுகிறார். தாத்தா வருத்தப்படவில்லை, ஆனால் திரும்ப ஒருநாளும் போகவில்லை.

வீட்டில் சமைப்பாரா?

பாட்டி இருந்தவரை அடுப்படிக்கு வரமாட்டார். பீலிக்கான் கோயில் திருவிழா அன்னதானத்துக்கு மட்டும் போய் நிற்பார். உப்பு போடும் வேலையை வேறு யாருக்கும் விடமாட்டார்.

எங்கள் தாத்தாவும் ஐ.என்.ஏ.வில் இருந்ததாகச் சொல்கிறார்கள், எப்படித் தேடுவது?

டெல்லியில் இருக்கும் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. கோப்புகள் நிறைய இருக்கின்றன, அவர்களுடைய அபிலேக் படல் தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் கிடைப்பது கஷ்டம், தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் பத்து விதமாக எழுதியிருப்பார்கள். அப்பா பெயர், பிறந்த ஊர், தோட்டத்தின் பெயர், எந்த முகாமில் பயிற்சி என்பதை முதலில் வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் சண்டையைப் பற்றி எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். அங்கே என்ன சாப்பிட்டீர்கள், யார் ஆக்கிப் போட்டார்கள் என்று கேளுங்கள், எங்கள் தாத்தா அந்த வழியாகத்தான் எல்லாவற்றையும் சொன்னார்.

ஒரு உதவி நானும் கேட்கிறேன். அவரோடு லங்கரில் இருந்த இரண்டு பேரைப் பற்றி அடிக்கடி பேசுவார். ஒருவர் கோலாகங்சார் பக்கத்துத் தோட்டத்துக்காரர், இடது கையால் பரிமாறுவார் என்பதால் எல்லாரும் கிண்டல் செய்வார்களாம், மொன்யுவா வரை கூட வந்தார். இன்னொருவர் நான் முன்னால் சொன்ன அந்தப் பஞ்சாபி முஸ்லிம். தாமு பாதையில் ஒரு ஆற்றைக் கடக்கும்போது பிரிந்தார்கள். அவர் உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தாரா என்று தாத்தா சாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கேயாவது ஒரு பஞ்சாபி வீட்டில், தாத்தா காலத்திலிருந்து ரசம் வைக்கிறோம் என்று யாராவது சொல்லக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.